எதை எங்கே வைப்பது: சொந்த நிரல்களும் மென்பொருள் வடிவமைப்பும்

(விழுப்புரத்தில் கல்லூரி மாணவர்களும் நிரலாளர்களும் கூடிய ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

காகுப்பத்திலிருந்தும் திண்டிவனம் மேல்பாக்கத்திலிருந்தும் பொறியியல் மாணவர்கள் வந்திருக்கிறீர்கள். விழுப்புரம், திண்டிவனம் அரசு கலைக் கல்லூரிகளிலிருந்தும் வந்திருக்கிறீர்கள். வேலை நேரம் போக, யாரும் கேட்காமல், யாரும் சம்பளம் தராமல் நீங்கள் எழுதும் நிரல்களைப் பற்றிப் பேசுங்கள் என்று ஏற்பாட்டாளர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதைத்தான் பேசப்போகிறேன்.

ஆபீஸில் நாம் எழுதும் நிரலில் முக்கியமான முடிவுகளையெல்லாம் நமக்கு முன்பே யாரோ எடுத்திருப்பார்கள். தரவு எந்த வடிவத்தில் இருக்கும், எந்தப் பகுதி எதோடு பேசும் என்பதெல்லாம் நாம் வேலையில் சேரும்போதே தீர்ந்துபோன விஷயங்கள். நம் கையில் தருவது ஒரு சிறு துண்டு. அதையும் வெள்ளிக்கிழமைக்குள் முடிக்கச் சொல்வார்கள். அதில் கற்றுக்கொள்ள நிறைய உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மென்பொருள் வடிவமைப்பு என்றால் எந்த அறிவை நிரலின் எந்த இடத்தில் வைப்பது என்ற முடிவு. அந்த முடிவை நாமே எடுத்து, அதன் பலனை நாமே ஐந்து வருடம் அனுபவித்தால்தான் அது புரியும். அந்த வாய்ப்பு சொந்த நிரலில்தான் கிடைக்கிறது. எழுதுகிறவரும் நாம், பயன்படுத்துகிறவரும் நாம், கெட்டுப்போனால் பழுது பார்க்கிறவரும் நாமே.

உலகக் கதைகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். 1991 ஆகஸ்டில் ஹெல்சின்கியில் ஒரு மாணவர், வெறும் பொழுதுபோக்குக்காக ஓர் இயங்குதளம் எழுதுகிறேன் என்று அறிவித்தார்; லினக்ஸ் அப்படிப் பிறந்தது. 1989 கிறிஸ்துமஸ் விடுமுறையில் கைடோ வான் ரோசம் பொழுதுபோக்காகத் தொடங்கியது பைத்தான். தன் புத்தகத்தின் அச்சுப் படி 1977-ல் அவலட்சணமாக வந்ததைப் பார்த்த டொனால்ட் குனூத், புத்தகத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அச்சுக்கோக்கும் மென்பொருளையே எழுதத் தொடங்கினார். ஓராண்டில் முடியும் என்று நினைத்த அந்த வேலை பத்தாண்டுக்கு மேல் பிடித்தது.

நம் கதை இவற்றைவிட நெருக்கமானது. இன்று உங்கள் போனில் தமிழில் மெசேஜ் அனுப்புகிறீர்களே, அதற்கான பாதையில் பெரும்பகுதியைப் போட்டவர்கள் சொந்த ஆர்வத்தில் வேலை செய்தவர்கள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980-களின் நடுவில் முரசு மென்பொருளைத் தொடங்கினார். ஆப்பிள் கணினிகளோடு வந்த இணைமதி எழுத்துருவும் அவர் வரைந்ததே. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் அறிஞராக இருந்த கு. கல்யாணசுந்தரம் தாமே மயிலை எழுத்துருவை உருவாக்கினார். 1998 பொங்கலில் மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு செய்து இலவசமாகத் தந்தார். வேதியியல் ஆய்வு அவருக்குத் தொழில். இது மாலை நேர வேலை. இந்த மாலை நேர வேலைகள் நடந்திராவிட்டால், நம் மொழி கணினிக்குள் வர இன்னும் பல ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி என் நிரல்களுக்கு வருகிறேன். மூன்றே மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, பழைய எழுத்துருவில் இருக்கும் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும் நிரல். திண்டிவனத்தில் எந்த டிடிபி கடைக்குள் நுழைந்து பழைய ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தாலும் பாமினியிலும் வானவில்லிலும் அடித்த கல்யாணப் பத்திரிகைகளும் பத்திரங்களும் கோயில் மலர்களும் குவிந்து கிடக்கும். தமிழக அரசு யூனிகோடை ஏற்று ஆணையிட்டது 2010 ஜூனில். அதற்கு முந்தைய தமிழ்க் கோப்புகளில் பெரும்பாலானவற்றைத் திறந்தால், அதற்குரிய எழுத்துரு இல்லையென்றால் திரையில் தெரிவது ஆங்கில எழுத்துகளின் குப்பைதான்.

ரயில் பாதைகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த விழுப்புரம் ஜங்ஷனில் சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, காட்பாடி, புதுச்சேரி என்று ஐந்து பக்கமும் தண்டவாளம் போகிறது. சென்னை–திருச்சிப் பாதை அகலமான பிறகும் காட்பாடிப் பாதையும் மயிலாடுதுறைப் பாதையும் சில ஆண்டுகள் மீட்டர் கேஜாகவே இருந்தன. ஒரு பக்கத்து வண்டி மறுபக்கம் போக முடியாது. இறங்கி மாற வேண்டும், சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும். தமிழ் எழுத்துருக்களும் அப்படித்தான் இருந்தன, ஆளுக்கொரு அகலத்தில். என் நிரல் செய்வது அந்த இறக்கி ஏற்றும் வேலை.

எழுத்துக்கு எழுத்து மாற்றினால் போதும் என்றுதான் முதல் பார்வைக்குத் தோன்றும். பாமினியில் ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி ஆகிய ஐந்து விசைகளை வரிசையாக அடித்தால் ‘தமிழ்’ வரும். யூனிகோடிலும் ‘தமிழ்’ ஐந்து குறிகள்தான்: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒன்றுக்கு ஒன்று பொருந்துகிறது. ஆனால் பாமினி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமிக்கிறது. ‘கெ’ என்று எழுத முதலில் கொம்பு, பிறகு க. யூனிகோடில் முதலில் க, பிறகு கொம்பு. ‘கொ’ என்றால் பாமினியில் கொம்பு, க, கால் என்று மூன்று. யூனிகோடில் க-வும் ஒகரக் குறியும் மட்டும். ஆக, எழுத்துகளை மாற்றினால் போதாது, இடமும் மாற்ற வேண்டும்.

இதிலும் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது, அதைக் கொஞ்சம் கூர்ந்து பாருங்கள். ஔகாரத்தின் வலப்பக்கத் துண்டு பார்க்க ள மாதிரியே இருப்பதால், பாமினியில் இரண்டுக்கும் ஒரே விசைதான். ‘மௌனம்’ என்பதன் தொடக்கம் கொம்பு, ம, ள. ‘வெளி’ என்பதோ கொம்பு, வ, ள, இகரக் குறி. கொம்பும் ள-வும் ஒரு மெய்யைச் சுற்றி வந்தால் ஔகாரம் என்று குருட்டுத்தனமாக மாற்றும் நிரல் என்ன செய்யும்? ‘வெளியே’ என்பதை ‘வௌியே’ ஆக்கிவிடும். ‘வெள்ளம்’ என்பதை ‘வௌ்ளம்’ ஆக்கிவிடும். இணையத்தில் இந்தப் பிழையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கண்ணுக்குச் சரியாகத் தெரியும், தேடினால் கிடைக்காது. ‘வெள்ளம்’ என்று தேடுகிறவருக்கு அந்தப் பக்கம் இல்லாத பக்கம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியதே, அதைப் பற்றிய ஓர் அறிக்கையை யாரோ பழைய எழுத்துருவில் அடித்து இப்படி மாற்றி வைத்திருந்தால், இருபது வருடம் கழித்துத் தேடுகிறவர் கண்ணில் அது படவே படாது.

தீர்வு சிறியது. ள-வுக்கு அடுத்து வருவதைப் பார்க்க வேண்டும். அங்கே புள்ளியோ கால், சுழி போன்ற உயிர்க்குறியோ இருந்தால் அது ள எழுத்துதான். ஏனென்றால் ஔகாரத்துக்கு மேல் இன்னோர் உயிர்க்குறியோ புள்ளியோ தமிழில் ஏறாது. ஒன்றும் இல்லையென்றால் பெரும்பாலும் மௌனம், கௌரவம், பௌர்ணமி போன்ற சொல்லாக இருக்கும். இந்த விதி என் நிரலில் ஒரே ஓர் இடத்தில் இருக்கிறது, மூன்று வரி. ஆனால் அது எழுத்துரு அட்டவணையில் இல்லை. அட்டவணைக்குப் பிறகு ஓடும் தனிப் படியில் இருக்கிறது. ஆகவே நாளைக்கு வேறோர் எழுத்துருவுக்கு அட்டவணை சேர்க்கிறவர் இதைப் பற்றி யோசிக்கவே வேண்டியதில்லை.

இரண்டாவது நிரல் பெயர்களை அகர வரிசைப்படுத்துவது. கேட்டால் இதெல்லாம் ஒரு நிரலா என்பீர்கள். கணினியிடம் பனை, பள்ளம், பழம், பறவை, பல் ஆகிய ஐந்து சொற்களையும் கொடுத்து வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். மொழியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் வெறுமனே வரிசைப்படுத்தினால் பனை, பறவை, பல், பள்ளம், பழம் என்று தரும். நம் அகராதியில் பல், பழம், பள்ளம், பறவை, பனை. யூனிகோடில் ன-வை ந-வுக்கு அடுத்தும் ற-வை ர-வுக்கு அடுத்தும் வைத்துவிட்டார்கள். நம் நெடுங்கணக்கிலோ அவை இரண்டும் கடைசி எழுத்துகள். ள-வும் ழ-வும்கூட இடம் மாறி உட்கார்ந்திருக்கின்றன. புள்ளி வேறு எல்லா எழுத்துகளுக்கும் உயிர்க்குறிகளுக்கும் பின்னால் இருக்கிறது. அதனால் ‘கணக்கு’ முன்னால் வந்து ‘கண்’ பின்னால் போய்விடும். பள்ளி வருகைப் பதிவேட்டிலிருந்து நூலக அட்டவணை வரை இந்தக் கோளாறு புகுந்திருக்கிறது. யாரும் புகார் சொல்வதில்லை. கணினி சொன்னால் சரியாக இருக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது வருத்தமான விஷயம்.

இதைச் சரிசெய்யப் புதிய வரிசைப்படுத்தும் முறை எழுத வேண்டியதில்லை. கணினியிடம் இருக்கும் முறை நல்லதே. ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் இடத்தைச் சொல்லும் எண்ணை மட்டும் நாம் தர வேண்டும். அந்த எண்ணை எப்படிக் கட்டுவது என்று யோசித்தபோது எனக்கு வழி காட்டியது தமிழ் இலக்கணம். உயிர் 12, மெய் 18. இந்த முப்பதும்தான் அடிப்படை. உயிர்மெய் 216-ம் இவற்றின் சேர்க்கை. ஆய்தத்தோடு 247. நம் இலக்கணத்தில் ‘க்’ முதலில், அதோடு அகரம் சேர்ந்தால் ‘க’. யூனிகோடோ இந்திய எழுத்துகள் எல்லாவற்றுக்கும் ஒரே வார்ப்பு என்று போய், ‘க’-வை அடிப்படையாக வைத்து, புள்ளி சேர்த்தால் ‘க்’ என்று வைத்திருக்கிறது. அதை நாம் மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். உலகம் முழுதும் ஒரே அகலத்தில் ஓடுவதன் நன்மை பெரிது. ஆனால் நம் நிரலுக்கு உள்ளே வரும்போது வாசலிலேயே சொல்லை மெய்யும் உயிருமாகப் பிரித்துவிடலாம், வெளியே போகும்போது சேர்த்துவிடலாம்.

அப்படிப் பிரித்தவுடன் வரிசை தானாகச் சரியாகிவிட்டது. அதோடு நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. ‘நாள்’ என்பதோடு ‘இல்’ சேர்ந்தால் ‘நாளில்’. யூனிகோடு வடிவத்தில் இதைச் செய்யப் புள்ளியை நீக்கி, இகர எழுத்தை இகரக் குறியாக்கி ஒட்ட வேண்டும். பிரித்த வடிவத்தில் ள் பக்கத்தில் இ வந்து நிற்கிறது, அவ்வளவுதான். செய்ய வேலையே இல்லை. ‘கண்’ என்பதோடு ‘இல்’ சேர்ந்து ‘கண்ணில்’ ஆவதற்கு மெய்யை இரட்டிக்கும் ஒரு விதி போதும். தரவின் உருவமே நிரலாக்கத்தின் சாரம் என்று பிரெட் புரூக்ஸ் 1975-லேயே எழுதிய கருத்தின் பொருள் எனக்கு முழுதாகப் பிடிபட்டது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, என் தாய்மாமனின் மண்டிக் கணக்கு. திண்டிவனம் பக்கம் மல்லாட்டையும் உளுந்தும் நெல்லும்தான் வரத்து. எங்கள் பக்கம் நெல் மூட்டை என்றால் 75 கிலோ. மல்லாட்டை என்கிற மணிலா மூட்டை 80 கிலோ. உளுந்து மூட்டை 100 கிலோ. விலை பேசுவது மூட்டைக்கு, தராசில் விழுவது கிலோ. இதில் சாக்கு எடை கழிக்க வேண்டும், ஏற்று கூலி இறக்கு கூலி பிடிக்க வேண்டும். “மாப்ள, மூட்டைக்கு என்ன வெல, கைக்கு எவ்வளவு, இந்த ரெண்டும் தெரிஞ்சா போதும் எனக்கு” என்றார் மாமா.

அவருக்குத் தெரிய வேண்டியது இரண்டு எண்கள்தான். அதற்காக நிரலுக்குள்ளும் மூட்டையையே சேமித்தால் எண்பதும் எழுபத்தைந்தும் நிரல் முழுக்கச் சிதறிவிடும். ரசீது அச்சடிக்கும் இடத்தில் ஒரு 80, மாதக் கணக்கில் ஒரு 80, பாக்கிப் பட்டியலில் ஒரு 80. ஆகவே உள்ளே இருப்பது கிலோவும் ரூபாயும் மட்டும். எந்தச் சரக்குக்கு மூட்டை எத்தனை கிலோ என்பது ஒரே ஓர் அட்டவணையில் இருக்கிறது. வேறு எந்தப் பகுதிக்கும் அது தெரியாது. சரக்கின் பெயரும் அப்படியே. ரசீதில் மணிலா, பேச்சில் மல்லாட்டை, அரசுப் படிவத்தில் நிலக்கடலை. உள்ளே எல்லாவற்றுக்கும் ஒரே அடையாள எண். 1972-ல் டேவிட் பார்னஸ் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரம் இதுதான்: எது மாறக்கூடுமோ அதை ஒரு பகுதிக்குள் மறைத்து வை. கல்லூரியில் அதை மதிப்பெண்ணுக்காகப் படித்தேன். மண்டியில் நாற்பது கிலோ பைகள் புழக்கத்துக்கு வந்தபோது அட்டவணையில் ஒரு வரி சேர்த்ததோடு வேலை முடிந்தது. மாமா தேநீர் குடித்து முடிக்கவில்லை.

இந்தக் கணக்கெல்லாம் எளிய உரைக் கோப்பில் இருக்கிறது, நாளுக்கு ஒரு பக்கம், எந்தக் கணினியிலும் திறக்கும். தரவுத்தளம் போட்டிருக்கலாம். ஒரு கடைக்கு அது தேவையில்லை என்பது என் முடிவு. என் நிரல் நாளை ஓடாவிட்டாலும் கடைப் பையன் அதைத் திறந்து படிக்க முடிய வேண்டும்.

மற்றவர்கள் செய்தவற்றில் இரண்டைச் சொல்ல வேண்டும். ஒன்று, முத்தையா அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரலாக்க மொழி. அதைப் பற்றிய கட்டுரை 2009-ல் வெளிவந்தது. ஆங்கிலக் கட்டளைச் சொற்களுக்குப் பதில் தமிழ்ச் சொற்களை வைப்பது எளிது. எழில் அதோடு நிற்கவில்லை. நிபந்தனையை முதலில் எழுதி, பிறகு ‘ஆனால்’ என்று எழுத வேண்டும். நாம் பேசுவதும் அப்படித்தானே? மழை வந்தால் என்கிறோம். ‘ஆல்’ கடைசியில்தான் வருகிறது. ‘வரை’ என்ற கட்டளையும் அதேபோல் நிபந்தனைக்குப் பின்னால். மொழியின் நடை நிரலின் நடையில் இறங்கியிருக்கிறது. ‘பதிப்பி’ மட்டும் இன்னும் முன்னாலேயே நிற்கிறது. அதையும் பின்னால் கொண்டுபோனால் எப்படி இருக்கும் என்று உங்களில் ஒருவர் செய்து பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. எழிலின் மூல நிரல் திறந்தே கிடக்கிறது. சொல்லைத் தமிழ் எழுத்துகளாகப் பிரிக்கும் வசதியோடு ஓபன்–தமிழ் என்ற பைத்தான் நூலகத்தையும் அவர் தந்திருக்கிறார். ‘தமிழ்’ என்றால் மூன்று எழுத்து என்று அதற்குத் தெரியும்.

இன்னொன்று, கணியம் இதழை 2012-ல் தொடங்கிய த. சீனிவாசன் எழுதிய ஒரு பைத்தான் நிரல். ஸ்கேன் செய்த புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து, கூகுளின் எழுத்துணரிக்கு அனுப்பி, வந்த உரையை விக்கிமூலத்தில் ஏற்றும். எழுத்தை உணரும் வேலை எதையும் அந்த நிரல் செய்வதில்லை. ஏற்கெனவே இருக்கும் கருவிகளைக் கோத்துவிடுகிறது, அவ்வளவுதான். ஆனால் கோத்தபின் தமிழ் விக்கிமூலத்தில் ஏறிய பக்கங்களைப் போய்ப் பாருங்கள். எதை எழுத வேண்டாம் என்று முடிவெடுப்பதும் வடிவமைப்பே.

இப்போது உங்களிடம் ஒன்று நேராகச் சொல்ல வேண்டும். இறுதியாண்டு புராஜெக்டைக் கடையில் காசு கொடுத்து வாங்கும் பழக்கம் நம் மாவட்டத்திலும் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் பணம், அச்சடித்த ரிப்போர்ட், சிடியில் நிரல். வைவாவுக்கு என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு மணி நேர வகுப்பு. இதை நான் மாணவர்களின் சோம்பல் என்று பார்க்கவில்லை. ‘பெரிய’ தலைப்பு வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்ப்பதால் வருகிற பயம் அது. வீட்டில் நடக்கும் மாட்டுப் பால் கணக்கோ, மகளிர் குழுவின் கடன் பதிவேடோ புராஜெக்ட் ஆகாது என்று யார் சொன்னது? அதில் அலகுகள் உண்டு, பெயர்கள் உண்டு, பிழை நேர்ந்தால் கேள்வி கேட்கும் உண்மையான மனிதர்கள் உண்டு. விலைக்கு வாங்கிய முக அடையாள நிரலில் உங்களுக்குத் தீர்மானிக்க ஒன்றுமே இல்லை. ஆசிரியர்களும் இங்கே இருக்கிறீர்கள். சிறிய தலைப்புக்கு முழு மதிப்பெண் போடுங்கள் என்று கைகூப்பிக் கேட்கிறேன்.

தனியாகச் செய்யவும் வேண்டாம். இதே விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு 2013 முதல் இயங்குகிறது. கிராமப்புற மாணவர்களுக்குக் காசு வாங்காமல் கற்றுத் தருகிறார்கள். வானூர் வட்டம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்காவும் திறந்தாயிற்று. வேலைக்குச் சென்னை ரயிலைப் பிடித்தே ஆக வேண்டும் என்ற நிலை கொஞ்சம் கொஞ்சமாக மாறுகிறது. நேர்காணலில் உங்கள் நிரலைக் காட்டுங்கள். இதை ஏன் இப்படி வைத்தாய் என்று கேட்பார்கள். நீங்களே வைத்திருந்தால் பதில் உங்களிடம் இருக்கும்.

என் மூன்று நிரல்களும் கட்டற்ற உரிமத்தில் இருக்கின்றன; பெயர்களும் விளக்கக் குறிப்புகளும் தமிழில். வரிசைப்படுத்தும் நிரலில் தீராத வேலை ஒன்று பாக்கி. நம் பெயர்களில் தலைப்பெழுத்து முன்னால் வருகிறது, சிலருக்கு இரண்டு, சிலருக்கு ஊர்ப்பெயரும் சேர்த்து மூன்று, சிலர் ‘எஸ்.’ என்றும் சிலர் ‘ச.’ என்றும் எழுதுகிறார்கள், ஒரே ஆள் இரண்டு சான்றிதழில் இரண்டு விதமாக. எது தலைப்பெழுத்து, எது பெயர் என்று நிரல் எப்படித் தெரிந்துகொள்ளும்? என்னிடம் அரைகுறையான ஒரு விதி இருக்கிறது. ‘வ. உ. சி.’ என்பதில் அது தடுமாறுகிறது. லேப்டாப் கொண்டுவந்திருப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் முன் வரிசைக்கு வாருங்கள், அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.